உடலின் இரு தூதர்கள்

வன்னிப் பெருநிலத்திலே பாம்பின் பெயர் வழங்காத வீடு இல்லை. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கலிட்டு வணங்குவோரும், இருள் பரவிய வரம்பிலே தடியால் தட்டித் தட்டி நடப்போரும் அதே மக்களே. காட்டையும் குளத்தையும் கமத்தையும் நம்பி வாழும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட மக்களுக்குப் பாம்பு தொலைவிலுள்ள அச்சமன்று. கோடிப்புறத்து விறகுக் குவியலிலும் வைக்கோற் போரிலும் குடியிருக்கும் அச்சம். நல்லபாம்பை நீக்கிப் பார்த்தால், அவர்கள் மிகவும் அஞ்சுவன இரண்டு. ஒன்று எண்ணெய் விரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வர். தமிழகத்தார் கட்டு விரியன் என்பர். மற்றது கண்ணாடிப் புடையன்.

இவ்விரண்டின் விடமும் உடலைத் தாக்கும் முறை வேறு வேறு. விரியன் தீண்டிய இடத்திலே வீக்கம் இல்லை. நோவும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் விடியுமுன் கண்ணிமை தொங்குகின்றது, நாக்குத் தடுமாறுகின்றது, மூச்சு அடங்குகின்றது. புடையன் தீண்டியவருக்கோ கால் வீங்கி வலி உயிரைப் பிடுங்குகின்றது. அதிற் பிழைத்து வீடு வந்தவர்களுள்ளும் சிலர், பல மாதங்களின் பின், காரணம் தெரியாமற் சோர்ந்து ஒடுங்கிப் போகின்றனர். முன்னதைப் பலரும் அறிவர். பின்னதை அறிந்தோர் மிகச் சிலரே. அதனைச் சொல்வதற்காகவே இவ்வாரம் நாம் பேனாவை எடுத்தோம். ஆனால் அது விளங்கவேண்டுமாயின், நம் உடல் எவ்வாறு ஆளப்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கோடை வெயிலிலே சிறுபோக வயலில் நிற்பவரின் உடல் வெப்பமும், மார்கழிப் பனியிலே காவற் கொட்டிலில் விழித்திருப்பவரின் உடல் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே; அது 37 பாகை செல்சியசு. வெளியே என்ன நிகழ்ந்தாலும், உள்ளே இரத்தத்தின் வெப்பமும் உப்பும் நீரும் குளுக்கோசும் ஒரு சிறு எல்லைக்குள் நிற்கின்றன. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் 1926இல் இந்நிலைக்குத் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். நம் பாடநூல்கள் அதனை ஓர்சீர்த்திடநிலை என்று மொழிபெயர்த்திருக்கின்றன. சொல்லைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்வது இயல்பே, பொருள் எளிது.

அரிவி வெட்டுபவரை எண்ணிப் பாருங்கள். நண்பகல் வரையில் அவர் வியர்வையாய் நீரை இழந்துவிடுகிறார். இரத்தத்திலே உப்பின் செறிவு சற்றே கூடுகின்றது. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதி அதனை உடனே உணர்ந்து இரண்டு காரியங்களைச் செய்கின்றது. தாகத்தை எழுப்புவது ஒன்று. தன் கீழே தொங்கும் கபச்சுரப்பியின் வழியாக ஓர் ஓமோனை இரத்தத்தில் விடுவது மற்றொன்று. அவ்வோமோன் சிறுநீரகங்களை அடைந்ததும் அவை நீரை வெளியே விடாமல் மீட்டுக்கொள்கின்றன. சிறுநீர் குறைந்து நிறம் தடிக்கின்றது. அவர் மரநிழலுக்கு வந்து செம்பு நிறைய நீர் குடித்துச் சற்று இளைப்பாறியதும் ஓமோன் குறைந்து, எல்லாம் பழைய நிலைக்கு மீள்கின்றன. அவர் அறிந்து செய்தது நீர் குடித்தது மட்டுமே.

இந்த ஆட்சியை நடத்துவதற்கு உடலில் இரு தூதர் உளர். நரம்புத்தொகுதி ஒருவர், அகஞ்சுரக்கும் சுரப்பிகளின் தொகுதி மற்றவர். நரம்பு, தொலைபேசி அழைப்பைப் போன்றது. எவரை அழைத்தோமோ அவர் ஒருவருக்கே மணி அடிக்கும். செய்தி செல்லும் வேகமும் பெரிது. தடித்த நரம்பு நார்களிலே செக்கனுக்கு நூறு மீற்றர் வரையிற் செல்லும். ஓமோனோ இரணைமடுக் குளத்து நீரைப் போன்றது. துருசைத் திறந்தால் நீர் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் வழியே எல்லா வயல்களின் ஓரமாகவும் ஓடுகின்றது. ஆயினும் வரம்பில் வாய் வெட்டி வைத்த வயலுக்குள்ளேதான் பாய்கின்றது. அவ்வாறே ஓமோன் இரத்தத்தோடு உடலெங்கும் சுற்றினாலும், அதனை ஏற்கும் வாங்கிகளை உடைய கலங்கள் மட்டுமே அதற்குப் பணிகின்றன. அது மெல்ல வரும். நெடுநேரம் நின்று வேலை செய்யும்.

இருவரும் தனித்தனியே வேலை செய்பவர்களல்லர். பொழுது படும் வேளையில் மாங்குளத்துக் காட்டுப் பாதையிலே மிதிவண்டியில் வருபவர் எதிரே யானையைக் காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நரம்பின் கட்டளையால் நெஞ்சு படபடக்கின்றது; கண்மணி விரிகின்றது; கால்களுக்கு இரத்தம் விரைகின்றது. அதே கணத்தில் இன்னொரு நரம்புக் கட்டளை, சிறுநீரகங்களின் தலையிலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகளைத் தட்டி எழுப்புகின்றது. அவை அதிரினலினை இரத்தத்திலே சொரிகின்றன. ஈரல் தன் களஞ்சியத்திலிருந்து குளுக்கோசை அவிழ்த்து விடுகின்றது. யானை காட்டுக்குள் திரும்பிச் சென்ற பின்னும் அவருக்குக் கைகால் நடுக்கம் உடனே நிற்பதில்லை. தொலைபேசி அழைப்பு முடிந்துவிட்டது. வாய்க்காலில் விட்ட நீர் வடியவில்லை. அவ்வளவே.

இவ்விரு தூதரையும் மனிதன் பிரித்தறிந்த வரலாறு சுவையானது. 1902இல் இலண்டனில் வில்லியம் பேலிசு, ஏர்னஸ்ற் ஸ்ராலிங் என்னும் இருவர் ஒரு நாயின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, அக்குடலுக்குள் அமிலத்தை விட்டனர். நரம்பே இல்லாதபோது செய்தி எப்படிச் செல்லும்? ஆயினும் சதையி தன் சாற்றைச் சுரந்தது. செய்தி இரத்தத்தின் வழியே போயிருந்தது. 1905இல் ஸ்ராலிங் இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ஓமோன் என்று பெயரிட்டார்; தூண்டுவது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல் அது.

நரம்போ மின்கம்பியைப் போன்றது, அதன் வேலை முழுவதும் மின்சாரமே என்று எண்ணியிருந்தவர்களுக்கு 1921இல் ஒரு வியப்புக் காத்திருந்தது. ஒசுத்திரியாவின் கிராஸ் நகரில் ஒற்றோ லூவி என்பவருக்கு நள்ளிரவில் ஒரு கனவு. எழுந்து தாளிற் கிறுக்கிவிட்டு உறங்கினார். காலையில் தம் கையெழுத்தைத் தாமே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை; எழுந்து நேரே ஆய்வுகூடம் சென்றார். துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பு தூண்டப்படாத இன்னோர் இதயத்துக்கு விட்டார்; அதுவும் தளர்ந்தது. நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு சாறு கசிந்திருந்தது. பின்னர் அது அசற்றைல்கோலீன் எனத் தெளிவாயிற்று. 1936இல் லூவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆகவே வேகத் தூதராகிய நரம்பும், தன் கடைசி அடியை ஒரு துளி இரசாயனப் பொருளின் துணையோடுதான் எடுத்துவைக்கின்றது. நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. மூளை இட்ட கட்டளை அந்த இடைவெளியை அசற்றைல்கோலீனாகவே கடக்கின்றது. எண்ணெய் விரியனின் விடம் சென்று தாக்குவது அந்த இடத்தைத்தான்.

இப்பாம்பு இரவிலே திரிவது. மாரி காலத்திலே வீட்டுக்குள் புகுவது. தரையிலே பாயை விரித்து உறங்குபவரே அதற்கு இலக்காகின்றனர். 2009இன் பின் மீள்குடியேறிய குடும்பங்கள் பற்றை மண்டிய காணிகளைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில்களிலே படுத்துறங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கடியின் அடையாளம் எறும்பு கடித்த அளவே இருக்கும். சிலவேளை அதுவும் தெரியாது. உறங்கியவர் நள்ளிரவிலே வயிற்று வலி என்று எழுவார். உண்ட உணவின் பிழை என்று வீட்டார் சுடுநீர் கொடுப்பர். சற்று நேரத்தில் இமைகள் கீழே இறங்கும், பேச்சுக் குழறும், உமிழ்நீரை விழுங்க முடியாது. வேப்பிலையைத் தின்னக் கொடுத்து, கசக்கின்றதா என்று கேட்டு விடத்தை அறியும் வழக்கம் ஒன்று நம் ஊர்களில் உண்டு. சுவையைக் கொண்டு இவ்விடத்தை அறிதல் இயலாது. மாரி இரவிலே தரையிற் படுத்தவர் வயிற்று வலியோடு எழுந்து, அவர் இமையும் தொங்குமாயின், கடித்த அடையாளத்தைத் தேடிக்கொண்டிராது புறப்பட்டுவிட வேண்டும்.

விடத்தில் இரு வகை நஞ்சுகள் உள. 1963இல் தைவானிலே சாங், லீ என்னும் இரு அறிஞர் அந்நாட்டு விரியனின் விடத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தனர். ஒரு வகை, தசையின் மீதுள்ள வாங்கிகளிற் குந்திக்கொண்டு அசற்றைல்கோலீனுக்கு இடமில்லாது செய்கின்றது. மற்றது இன்னும் கொடியது. நரம்பு நுனிக்குள்ளேயே புகுந்து, அங்கிருக்கும் அசற்றைல்கோலீன் முழுவதையும் தீர்த்து, நுனியையே அழித்துவிடுகின்றது. மூளை கட்டளையிட்டுக்கொண்டே இருக்கின்றது. நெஞ்சுக்கூட்டுத் தசைகளுக்கு அது எட்டுவதில்லை. மூச்சு நிற்பது இவ்வாறே. முதல் வகை நஞ்சைக் கருவியாகக் கொண்டே பின்வந்தோர் அந்த வாங்கிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். கொல்லும் பொருளும் ஆய்வுகூடத்தில் ஒரு விளக்காகிவிடுகின்றது.

இங்கே வீட்டார் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விடம் தாக்குவது தசையை இயக்கும் நுனிகளை, அறிவை அன்று. அசைவின்றி, விழி அசையாது, ஒளிக்குக் கண்மணி சுருங்காது கிடப்பவரும் உள்ளே விழித்திருக்கக்கூடும். கட்டிலருகே அழுவோர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். உயிர் போய்விட்டது என்று வீட்டார் முடிவுகட்டிய நிலையிலும் அவர் மீளக்கூடியவராய் இருக்கலாம். இரத்தத்தில் எஞ்சியுள்ள நஞ்சை விடமுறிவு மருந்து பற்றிக்கொள்ளும். அழிந்த நரம்பு நுனியை அதனால் ஆக்க இயலாது. நுனிகள் தாமாகவே மீண்டும் வளர வேண்டும். அதற்குப் பல நாள்கள், சிலருக்கு வாரங்கள் செல்லும். அதுவரை செயற்கைச் சுவாசப் பொறி அவருக்காக மூச்சு விட வேண்டும். பொறி உள்ள வைத்தியசாலைக்கு நேரத்தோடு சென்றவர் பெரும்பாலும் முழு மனிதராய் எழுந்து வருகின்றார். எட்டடி நடந்தால் மரணம் என்னும் பெயருக்கு அதனினும் தக்க மறுப்பு நமக்குத் தெரியவில்லை.

இனிப் புடையன். பத்திரிக் ரசல் என்பார் கிழக்கிந்தியக் கம்பனியிற் கடமையாற்றிய வைத்தியர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்டவர். ஆங்கிலேயர் இப்பாம்பை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். அரிவி வெட்டுக் காலத்திலே, வெறுங்காலோடு வயலில் இறங்குபவரின் பாதத்தையும் கணுக்காலையும் இது தீண்டுகின்றது. இதன் விடம் இரத்தத்தின் உறையும் ஆற்றலைத் தின்றுவிடும். வைத்தியசாலையிலே சிறிது இரத்தத்தைத் தூய கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் அசையாது வைத்துப் பார்ப்பர். உறையாது நீராகவே இருந்தால் விடம் ஏறிவிட்டது என்று கொள்வர். முரசிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியலாம், சிறுநீரகங்கள் செயலிழக்கலாம். இலங்கைப் புடையனின் கடியில் இமை தொங்குவதும் உண்டு. ஆயினும் மூச்சு நிற்குமளவுக்கு அது செல்வது அரிது.

இவையெல்லாம் கடந்து பிழைத்தவரின் கதையே நாம் சொல்ல வந்தது. மூக்கின் வேருக்கு நேர் பின்னே, மண்டையோட்டின் அடியில், எலும்பால் அமைந்த ஒரு சிறு குழிக்குள் கபச்சுரப்பி இருக்கின்றது. ஒரு கடலை அளவே இருக்கும். நிறை ஏறக்குறைய அரைக் கிராம். இச்சிறு சுரப்பி கட்டளையிட்டாலன்றித் தைரொயிட் சுரப்பி தன் ஓமோனைப் போதிய அளவு சுரக்காது. அதிரீனலின் புறணி கோட்டிசோலைச் சுரக்காது. ஆணின் விதையும் பெண்ணின் சூலகமும் தம் வேலையைச் செய்யா. குழந்தைக்குத் தாய்ப்பால் ஊறுவதும் இதன் கட்டளையாலேயே. இத்தனை பொறுப்பையும் சுமந்த சுரப்பிக்கு இரத்தம் வருவதோ மிக மெல்லிய குழாய்களின் வழியே.

1937இல் ஹரல்ட் ஷீஹன் என்னும் ஆங்கில நோயியலறிஞர், மகப்பேற்றிலே பெருமளவு இரத்தம் இழந்த தாய்மாரிற் சிலருக்கு இச்சுரப்பி மடிந்துபோவதை விவரித்தார். அத்தாய்மாருக்குப் பால் ஊறுவதில்லை, மாதவிடாய் திரும்புவதில்லை, உடல் ஓய்ந்துபோகின்றது. ஐம்பது ஆண்டுகளின் பின், 1987இல், பர்மாவிலே புடையன் தீண்டியவர்களிடமும் அதே நிலையைக் கண்டதாக அந்நாட்டு வைத்தியர்களும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து டேவிட் வொறெலும் எழுதினர். விடத்தின் தாக்கத்தால் நுண்குழாய்களில் இரத்தம் கட்டியோ, சுரப்பிக்குள்ளே குருதி கசிந்தோ அது மடிந்திருந்தது. தென்னிந்தியாவிலும் இத்தகைய நோயாளர் காணப்பட்டுள்ளனர். 2011இல் இலங்கை நோயாளர் ஒருவர் பற்றிய முதல் அறிக்கையும் வெளியாயிற்று. இது எல்லோருக்கும் வருவதன்று. ஆயினும் வந்தவர் எத்தனை பேர், அறியப்படாமலே போனவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது நம் மனம் சற்றுத் தயங்குகின்றது.

ஏனெனில் இந்நோய் நோயைப் போலத் தோன்றுவதில்லை. முன்பு மூன்று ஏக்கர் வயலைத் தனியே பார்த்த கமக்காரர் இப்போது வரப்பிற் குந்திக்கொள்கிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகின்றது. மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவருக்குக் குளிர்கின்றது. பசி இல்லை. மீசையும் உடல்மயிரும் உதிர்கின்றன. இல்லற விருப்பம் அற்றுப்போகின்றது. அதனை வெளியே சொல்ல வாயும் வருவதில்லை. பெண்ணாயின் மாதவிடாய் நின்றுவிடுகின்றது. பாம்பு தீண்டியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எவரும் நினைப்பதில்லை. அது போன ஆண்டுக் கதை. சோம்பல் என்கின்றனர், மனக்கவலை என்கின்றனர், போர் தின்ற மனம் என்கின்றனர். வன்னியிலே இந்தக் கடைசி விளக்கம் எவர்க்கும் எளிதிற் பொருந்திவிடுகின்றது. அதனாலேயே அது ஆபத்தானது. உண்மையான காரணம் அரைக் கிராம் நிறையுள்ள ஒரு சுரப்பியாக இருக்கலாம்.

இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். இல்லாத ஓமோன்களை மாத்திரையாகக் கொடுக்கலாம். முதலிற் கோட்டிசோலின் இடத்துக்கு ஐதரோகோட்டிசோன், அதன் பின்னரே தைரொட்சின். இவ்வொழுங்கு முக்கியமானது, கோட்டிசோல் இல்லாத உடலிலே தைரொட்சினை முதலிற் கொடுத்தால் தீங்கு நேரலாம் என்பதால் வைத்தியர்கள் இதிற் கவனமாயிருப்பர். மருந்து தொடங்கியவருள் பலர் சில வாரங்களிலே எழுந்து நடமாடுகின்றனர். அறியாது விட்டாலோ, சாதாரண மனிதர் தாங்கும் ஒரு காய்ச்சலும் சத்திரசிகிச்சையும் இவர் உயிரைப் பறிக்கக்கூடும். உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது கோட்டிசோல் பன்மடங்கு பெருக வேண்டும். இவருக்கோ பெருக்குவதற்குக் கட்டளையிடுவார் இல்லை. மருந்து எடுப்பவரும் காய்ச்சல் கண்டால் அளவைக் கூட்ட வேண்டுமா என்று தம் வைத்தியரைக் கேட்டு முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

பாம்பு தீண்டிய அந்த வேளைக்கான செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். கடிவாயைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீமையே செய்யும். கட்டு, விடத்தோடு சேர்த்து இரத்தத்தையும் தடுத்து உறுப்பை அழுகச் செய்யும். தீண்டப்பட்டவரைக் கிடத்தி, உறுப்பை அசையாது வைத்து, மோதிரத்தையும் கொலுசையும் கழற்றிவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்சு 2018 முதல் வட மாகாணத்திலும் சேவையாற்றுகின்றது. பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டும் என்று அதன் பின்னே ஓடி இரண்டாவது கடியை வாங்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வரும் விடமுறிவு மருந்து நல்லபாம்பு, விரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. குதிரைகளுக்குச் சிறு சிறு அளவாய் விடமேற்றி, அவற்றின் குருதியிலிருந்து எடுப்பது அது. அதற்கு வேண்டிய விடத்தைக் கறந்து கொடுப்போருள் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உளர் என்பது நம்மவர் அறியவேண்டிய செய்தி.

விடகடிப் பரிகாரியாரை நாம் இகழவில்லை. வண்டியும் வைத்தியசாலையும் இல்லாத காலத்திலே வன்னிக்குத் துணை நின்றவர்கள் அவர்கள். ஆயினும் மூச்சு நிற்கப்போகும் ஒருவருக்கு வேண்டியது சுவாசப் பொறி. அது அவர்கள் வீட்டுத் திண்ணையில் இல்லை. அவர்களுள் நல்லவர் பலர் இதனை உணர்ந்து, தம்மிடம் வருவோரைத் தாமே வைத்தியசாலைக்குத் திருப்பிவிடுகின்றனர்.

கட்டிலிற் படுப்பதும், கட்டில் இல்லையாயின் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் அடியிலே நன்றாகச் செருகிப் படுப்பதும் விரியனை விலக்கும். வயலுக்கு இறங்குபவர் முழங்கால் வரை உயர்ந்த சப்பாத்து அணிவது சேற்றிலே தொல்லைதான். அரிவி வெட்டும் நாள்களிலேனும் அணியலாம். புடையன் தீண்டிப் பிழைத்தவர் வீட்டில் இருந்தால், தீண்டிய ஆண்டையும் சேர்ந்திருந்த வைத்தியசாலையின் பெயரையும் அவரது சிகிச்சைப் புத்தகத்தின் முதற் பக்கத்திலே எழுதி வையுங்கள். பின்னொரு நாள் சோர்வு என்று அவர் வைத்தியரிடம் போகும்போது, கேளாமலே அதனைக் காட்டட்டும்.

சதையியையும் இன்சுலினையும் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.